ஒரு ஹோஸுக்கு எத்தனை பேர்? பிராஞ்ச் பிடிப்பவர் தவிர மற்றவர்களுக்கு என்ன வேலை?

இரவுப்பணி | ஞாயிறு, காலை 10:12

வணக்கம். நான் தீயணைப்புத் துறைக்காரன் இல்லை. ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. போன மாதம் எங்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்து, "இனி நீங்கள்தான் ஃபயர் டீம்" என்று சொல்லிவிட்டார்கள். அரைநாள் வகுப்பு, மதியம் பிரியாணி, மூன்று மணிக்கு மாக் டிரில்.

டிரில்லில் நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரன்டிலிருந்து, அதாவது தீயணைப்புத் தண்ணீர்க் குழாயிலிருந்து, இரண்டு ஹோஸ் விரித்து மாட்டினோம். ஹோஸ் முனையில் மாட்டித் தண்ணீரைப் பீய்ச்சும் குழாய், அதான் பிராஞ்ச், என் கையில். எனக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஸ்டோர்ஸ்காரர், சட்டை நனைந்துவிடும் என்று ஹோஸை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். ஹைட்ரன்டில் இருந்தவர் வால்வை ஒரே மூச்சில் கடைசிவரை திறந்துவிட்டார். தட்டையாகக் கிடந்த ஹோஸ் தடதடவென்று உப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்ததைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது வானம். கையை விட்டுப் போன பிராஞ்ச் மணல் வாளி ஸ்டாண்டை அடித்துச் சாய்த்து, யாரோ வால்வை மூடும்வரை துள்ளிக்கொண்டிருந்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர், "ஆள் போதவில்லை, நாலு பேர் பிடியுங்கள்" என்றார். பிடித்தோம். இந்த முறை யாரும் விழவில்லை. ஆனால் ஹோஸ் ஓர் அடிகூட நகரவும் இல்லை. நாலு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம்.

ஆக, ஒரு ஹோஸுக்கு உண்மையில் எத்தனை பேர் வேண்டும்? யாருக்கு என்ன வேலை? வகுப்பில் காட்டிய படங்களில் இது இல்லை.

பழைய_நம்பர்_ஒன் | ஞாயிறு, காலை 11:40

தம்பி, அடி ஒன்றும் படவில்லையே? கையை விட்ட பிராஞ்ச் ஒருவரின் முன்பல் இரண்டைக் கழற்றியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் மணல் வாளியோடு தப்பித்தீர்கள்.

31 வருஷம் துறையில் இருந்து, முன்னணித் தீயணைப்போராக ஓய்வு பெற்றவன் நான். நிலையத்தில் டிரில் என்றால் வரிசையில் நின்று ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண் சொல்வோம். அந்த நொடியிலிருந்து பெயர் கிடையாது, எண்தான். எண்ணுக்கு ஒரு வேலை. ஒரு சுற்று முடிந்ததும் எண் மாறும். போன சுற்றில் பிராஞ்ச் பிடித்தவன் இந்தச் சுற்றில் ஹைட்ரன்ட் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எல்லா வேலையும் எல்லோர் கைக்கும் பழக வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது.

கட்டடத்துக்குள் கொண்டுபோகும் ஹோஸ் என்றால் பிராஞ்ச் பிடிப்பவர், அவருக்குப் பின்னால் தாங்குபவர், வாசலிலோ திருப்பத்திலோ நின்று ஹோஸை உள்ளே ஊட்டுபவர், பம்பில் ஒருவர், இத்தனை பேரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர். ஐந்து வேலை. ஐந்து ஆள் எப்போதும் கிடைப்பார்களா என்பது வேறு கதை. நீங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தீர்கள், அதனால்தான் ஹோஸ் நகரவில்லை.

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிராஞ்ச் நுனியில் இருக்கும் நாசில் வாய் எத்தனை மில்லிமீட்டர்? பிரஷர் கேஜில் எவ்வளவு காட்டியது?

இரவுப்பணி | ஞாயிறு, மதியம் 12:05

நாசிலில் 20 என்று பொறித்திருக்கிறது ஐயா. பம்ப் ரூம் கேஜில் ஏழு கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ பிரஷர்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 1:30

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன், தீயைப் பக்கத்தில் பார்த்ததில்லை. ஆனால் இந்தக் கணக்கை விட மனமில்லை.

நாசில் வாயில் 7 கிலோ பிரஷர் அப்படியே இருந்ததாக வைத்துக்கொண்டால் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 37 மீட்டர் வேகத்தில் வெளியேறும். மணிக்கு 135 கிலோமீட்டர். 20 மி.மீ. வாய் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 700 லிட்டர். அவ்வளவு தண்ணீரை அந்த வேகத்தில் முன்னால் தள்ளினால், அதே விசை உங்களைப் பின்னால் தள்ளும். அது ஏறத்தாழ 440 நியூட்டன், அதாவது 45 கிலோ எடையைத் தூக்கும் அளவு. ஒரு சிமென்ட் மூட்டை உங்கள் நெஞ்சில் சாய்ந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹோஸில் உராய்வுக்குப் போனது போக நாசிலில் 5 கிலோதான் இருந்தது என்றாலும் 32 கிலோ தள்ளு.

மூட்டை மெதுவாகச் சாய்ந்தால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். உங்கள் ஹைட்ரன்ட்காரர் அதைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

இன்னொன்று, எடை. 63 மி.மீ. ஹோஸில் மீட்டருக்கு 3.1 லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 மீட்டர் ஹோஸ் ஒன்றில் தண்ணீர் மட்டும் 47 கிலோ. நீங்கள் இரண்டு மாட்டியிருந்தீர்கள், ஆக 90 கிலோவுக்கு மேல். ஹோஸின் எடையையும் தரையோடு உரசுவதையும் நான் சேர்க்கவே இல்லை. இதை முன்னால் நிற்கும் ஒருவர் இழுத்துக்கொண்டு போவார் என்று யார் எதிர்பார்த்தது?

சும்மா_கேட்டேன் | ஞாயிறு, மதியம் 2:10

இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரே ஆள் பெரிய ஹோஸை வைத்துக்கொண்டு ஜாலியாக அடிக்கிறார். உட்கார்ந்துகொண்டே! இவ்வளவு பில்டப் தேவையா?

பழைய_நம்பர்_ஒன் | ஞாயிறு, மாலை 4:25

உட்கார்ந்துகொண்டு என்று நீங்களே சொல்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. ஹோஸைப் பெரிய வட்டமாகச் சுற்றி, பிராஞ்ச் பக்கத்து முனையை வட்டத்தின் மேலாகக் குறுக்கே போட்டு, அந்தக் குறுக்கின் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். தள்ளு எல்லாம் வட்டத்துக்கும் தரைக்கும் போய்விடும். வைக்கோல் போர் தீயில் நானும் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். டீ கூடக் குடித்திருக்கிறேன். ஆனால் அந்த ஆளால் எழுந்து நாலு அடி முன்னால் போக முடியுமா? நின்ற இடத்திலிருந்து அடிப்பதற்கு ஓர் ஆள் போதும். நகர வேண்டுமென்றால்தான் கூட்டாளி.

இப்போது அந்தப் பின்னாள், அதாவது பின்னால் நின்று தாங்கும் ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

பிராஞ்ச் பிடிப்பவன் ஹோஸுக்கு எந்தப் பக்கம் நிற்கிறானோ அதே பக்கம்தான் பின்னாளும் நிற்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் நின்றால் திரும்பும்போது ஒருவன் காலில் ஹோஸ் ஏறும். இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருக்கலாம். முன்னவன் முதுகோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. பிராஞ்சுக்குப் பின்னால் முதல் நாலைந்து அடி ஹோஸ் நேர்க்கோடாக இருந்தால் தள்ளு நேராகப் பின்னாள் உடம்புக்கும் தரைக்கும் போகும். அங்கேயே ஹோஸ் வளைந்துவிட்டால் அந்த வளைவு முன்னவனைப் பக்கவாட்டில் சுழற்றும்.

தாங்குவது என்றால் முன்னால் தள்ளுவது அல்ல. புதுப் பையன்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. வேகமாகத் தள்ளி முன்னவனைத் தீக்குள் அனுப்பப் பார்ப்பார்கள். சரியான பின்னாள் கிடைத்தால் பிராஞ்ச் எடையே இல்லாத மாதிரி இருக்கும், ஒரு கையால் திருப்பலாம். அப்படித் தெரியவில்லை என்றால் பின்னால் இருப்பவன் வேறு எதையோ வேடிக்கை பார்க்கிறான் என்று அர்த்தம்.

அப்புறம், எதிர்ப் பக்கம் நகர்வது. முன்னவன் கூரையைப் பார்த்து அடித்தால் பின்னாள் ஹோஸைத் தரையோடு தாழ்த்த வேண்டும். முன்னவன் வலது பக்கம் திரும்பினால் பின்னாள் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். ஏற்றம் இறைக்கும் துலா போலத்தான், ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்கும். இதைச் சொல்லிச் செய்ய நேரம் இருக்காது. ஹோஸே கைக்குச் சொல்லும்.

ஜாலான்காரன் | ஞாயிறு, இரவு 8:50

ஐயா சொன்னதைப் படித்ததும் என் பழைய முட்டிவலி திரும்பி வந்துவிட்டது. நான் சிங்கப்பூர். தேசிய சேவை இரண்டு வருஷம் குடிமைத் தற்காப்புப் படையில். ஜாலான் பஹாரில் இருக்கும் அகாடமியில் பயிற்சி.

எனக்கு அங்கே விழுந்த வேலை பெரும்பாலும் மூன்றாவது ஆள். ஆரம்பத்தில் அவமானமாக இருந்தது. எல்லோரும் உள்ளே போகிறார்கள், என்னைக் கதவோரம் நிறுத்திவிட்டார்கள் என்று. ஒருநாள் பயிற்சியில் நான் கதவை விட்டுவிட்டு ஆர்வத்தில் இரண்டாவது ஆள் பின்னாலேயே உள்ளே தவழ்ந்து போய்விட்டேன். பத்தடி தாண்டியதும் ஹோஸ் வர மறுத்துவிட்டது. மூவரும் சேர்ந்து இழுக்கிறோம், அசையவில்லை. கதவு மெல்லச் சாய்ந்து வந்து, அதன் அடி இடுக்கில் ஹோஸ் ஆப்பு மாதிரி சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட வேண்டிய ஆள் யார்? நான்தான். இரண்டு விரல் வேலை. அன்று இரவு அந்தக் கதவுக்கு முன்னால் எனக்கு எத்தனை பஸ்கி கிடைத்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

கதவாள் மூன்று வேலை பார்க்க வேண்டும். ஹோஸை வெளியே பெரிய வளைவாகப் போட்டுவைத்து, உள்ளே இழுக்கும் வேகத்துக்கு ஊட்ட வேண்டும். கதவை ஹோஸ் போகும் அளவுக்கு மட்டும் திறந்து பிடிக்க வேண்டும். அகலத் திறந்தால் காற்று உள்ளே போகும், தீ அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் கதவின் மேல்பக்கம் வெளிவரும் புகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் கறுத்தாலோ, வேகம் கூடினாலோ முதலில் தெரிவது அவனுக்குத்தான். உள்ளே தவழ்பவர்களுக்குத் தங்கள் கையே தெரியாது.

அடுக்குமாடியில் இன்னொரு தந்திரம். தீப்பிடித்த மாடிக்கு ஒரு மாடி கீழே ரைசரில், அதாவது மாடி மாடியாக மேலே போகும் தீயணைப்புக் குழாயில், ஹோஸ் மாட்டுவோம். மிச்ச ஹோஸைத் தீ இருக்கும் மாடியையும் தாண்டி மேல் படிக்கட்டில் ஏற்றி வளைத்து இறக்குவோம். உள்ளே போகும்போது அந்த ஹோஸ் தன் எடையிலேயே கீழே வழுக்கி வரும். கீழேயிருந்து மேலே இழுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய_நம்பர்_ஒன் | ஞாயிறு, இரவு 9:35

சபாஷ் தம்பி. தேர்த் திருவிழா பார்த்திருப்பீர்களே. வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர். போட்டோவில் வருவது அவர்கள்தான். ஆனால் தேர் தெற்கு வீதியிலிருந்து மேற்கு வீதிக்குத் திரும்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஓடுகிற நாலு பேர் கையில். ஹோஸும் அப்படித்தான், நேரே ஓடும்போது யாரும் தேவையில்லை. திருப்பத்தில் ஆள் இல்லையென்றால் சுவரோடு உரசி நின்றுவிடும். ஒவ்வொரு மூலைக்கும் ஓர் ஆள் என்பது ஆசை. கிடைத்த ஆள் மூலைக்கு மூலை ஓடுவான் என்பது நடப்பு.

வடம் என்றதும் ஞாபகம் வருகிறது. கிராமத்தில் குடிசைத் தீக்குப் போனால் முதல் பிரச்சினை தீ இல்லை, அன்பு. வண்டி நின்றதும் ஊரே ஓடிவந்து ஹோஸைத் தூக்கிக்கொள்ளும். இருபது பேர், இருபது திசை. ஒருமுறை இன்னும் பிராஞ்ச் மாட்டவே இல்லை, "தண்ணியை விடு, தண்ணியை விடு" என்று ஒரே சத்தம். சத்தம் போட்டவர்களே ஹோஸைத் தெருக்கோடிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எரிகிற வீட்டையும் தாண்டி! அதற்கப்புறம் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டத்தில் குரல் பெரிதாக இருக்கிற ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த மூலை உங்க பொறுப்பு, ஹோஸ் மடியாமப் பார்த்துக்குங்க" என்று நிறுத்திவிடுவேன். மற்றவர்களை அவரே விரட்டிவிடுவார்.

கல்ஃப்_ஃபோம் | திங்கள், காலை 6:15

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருஷமாக வளைகுடாவில் சுத்திகரிப்பு ஆலைத் தீயணைப்பில் இருக்கிறேன். ஐயா எழுதியது அனைத்தும் சரி. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பிராஞ்சில் யாரை நிறுத்துவீர்கள்? அனுபவசாலியையா, புதுசையா? எங்கள் இடத்தில் அனுபவம் உள்ளவர்தான் முன்னால். தீயைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும்.

பழைய_நம்பர்_ஒன் | திங்கள், காலை 7:50

நான் இதற்கு நேர்மாறு. பிராஞ்ச் புதுப் பையன் கையில், பழைய ஆள் பின்னால். முன்னால் நிற்பவனுக்கு ஒரே ஒரு வேலை, தண்ணீரைச் சரியான இடத்தில் போடுவது. பின்னால் இருப்பவனுக்கோ அது தவிர எல்லாமே வேலை. கூரை தாங்குமா, வந்த வழி திறந்திருக்கிறதா, ஹோஸ் மடிந்ததா, பையன் மூச்சு எப்படி இருக்கிறது என்று அத்தனையும் பார்க்க வேண்டும். தோளில் தட்டி "இடது பக்கம், கொஞ்சம் மேலே" என்று சொல்லப் பின்னால் ஆள் இருந்தால் பையன் பயப்பட மாட்டான். நான் தொழில் கற்றதே அப்படித்தான். என் முதல் பெரிய தீயில் பின்னால் நின்றவர் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவசரப்பட்ட ஒவ்வொரு தடவையும் பெல்ட் இறுகும்.

கல்ஃப்_ஃபோம் | திங்கள், காலை 9:20

அண்ணே, வீட்டுத் தீக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தீ வேறு ஜாதி.

கேஸ் லைனில் கசிந்து எரிகிறது, வால்வை மூடப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீயை அணைக்கவே கூடாது. கசிவை நிறுத்தாமல் சுடரை அணைத்தால் கேஸ் பரவி, வேறெங்கோ பொறி கண்டு எல்லோரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். அதனால் இரண்டு ஹோஸ் பக்கம் பக்கமாக, ஒவ்வொன்றிலும் பிராஞ்சுக்கு ஒருவர், பின்னால் ஒருவர் அல்லது இருவர். நடுவில் லீடர். இரண்டு பிராஞ்சையும் அகலமான விசிறித் தூவலில் வைத்து, தூவலின் ஓரங்கள் ஒன்றோடொன்று மேவும்படி நடப்போம். காற்று நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். லீடர் குனிந்து, இரண்டு பிராஞ்ச்காரர்களின் தோளிலும் கை வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர்ச் சுவருக்குப் பின்னால் அடிமேல் அடியாகக் கூட்டிக்கொண்டு போவார். ஒருவர் ஓர் அடி முந்தினாலும் சுவரில் ஓட்டை விழும், சுடர் அதன் வழியாக நடுவில் இருப்பவர் முகத்துக்கு வரும். லீடர் கை நீட்டி வால்வைத் திருகி மூடுவார். மூடியதும் திரும்பி நடக்கக் கூடாது. முகம் தீப்பக்கம் இருக்க, பின்னோக்கியே வர வேண்டும்.

பின்வாங்கும்போது கடைசியில் நிற்கும் ஆள்தான் ராஜா. அவர் தன் காலுக்குப் பின்னால் கிடக்கும் ஹோஸை ஒதுக்காவிட்டால் முன்னால் உள்ள நாலு பேரும் அதில் தடுக்கி மல்லாந்து விழுவார்கள். ஆகவே பழைய ஆள் பின்னால் என்பதில் பாதி உங்கள் கட்சிக்கே வருகிறேன். ஆனால் பிராஞ்சில் புதுசை விட மாட்டேன். அந்த விசிறியைத் தப்பாக ஒரு திருகு திருகி ஒற்றைப் பீய்ச்சலாக, ஜெட் ஆக்கிவிட்டால் கதை முடிந்தது.

பழைய_நம்பர்_ஒன் | திங்கள், காலை 9:40

சரி, பாதிக்குப் பாதி. கேஸ் தீக்கு உங்கள் வழி.

பம்ப்ரூம்_ராணி | திங்கள், மாலை 5:30

பிராஞ்ச், பின்னாள், கதவாள், லீடர் எல்லாம் சரி. பம்பில் நிற்கும் பிறவியைப் பற்றி ஒரு வரி எழுத உங்களுக்கு இத்தனை நாள் ஆகிறது!

நான் ஒரு ஆலையில் பாதுகாப்பு அலுவலர். இரவுப்பணி தம்பி விழுந்ததற்கு ஸ்டோர்ஸ்காரர் பாதிக் காரணம் என்றால் வால்வு திறந்தவர் மீதிப் பாதி. பிராஞ்ச்காரர் காலை ஊன்றி, "வாட்டர் ஆன்" என்று குரல் கொடுக்கும்வரை சக்கரத்தைத் தொடக் கூடாது. அதற்கப்புறமும் இரண்டு சுற்று, ஹோஸ் நிரம்புகிறதா என்று ஒரு பார்வை, பிறகு மீதி. மூடும்போதும் அப்படித்தான். ஓடுகிற தண்ணீரைப் படாரென்று நிறுத்தினால் அந்த அடி குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடிவந்து ஹோஸைக் கிழிக்கும்.

பம்ப் ஆளுக்குத் தீயே தெரியாது, கேஜ்தான் தெரியும். மாடி ஏறினால் 10 மீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர் போய்விடும் என்று கணக்குப் போட வேண்டும். ஹோஸ் ஒல்லியானால் உராய்வு எகிறும். ஒரே அளவு தண்ணீருக்கு விட்டம் பாதியானால் உராய்வு 32 மடங்கு. இதெல்லாம் போட்டு, பிராஞ்ச்காரர் கையில் சரியான அளவு இருக்கும்படி கொடுக்க வேண்டும். கூடினால் ஆள் பறப்பார், குறைந்தால் தண்ணீர் தீயைத் தொடாது.

அதைவிட முக்கியம் தொட்டி. 4,500 லிட்டர் வண்டி என்றால், நிமிடத்துக்கு 600 லிட்டர் அடிக்கும் ஒரே ஒரு பிராஞ்சுக்கு ஏழரை நிமிடம்தான். இரண்டு பிராஞ்ச் என்றால் நாலு நிமிடம்கூட இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. கால் தொட்டி இருக்கும்போதே சொல்ல வேண்டியது பம்ப் ஆள். தண்ணீர் நின்ற பிறகு சொல்வது செய்தி வாசிப்பது.

வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் வருஷத்துக்கு ஒரே தடவைதான் ஹோஸைப் பிரிப்பார்கள், ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவு வாரம் அது. அங்கே பேனர் புதுசாக இருந்தது. ஹோஸ் மடிப்பில் வெடித்திருந்தது. விரித்த மாத்திரத்தில் ஏழு இடத்தில் நீரூற்று. எம்.டி. கைதட்டினார்.

சும்மா_கேட்டேன் | திங்கள், இரவு 7:15

மேடம், கைதட்டியது சூப்பர். சரி, இப்போது சீரியசாகவே கேட்கிறேன். ஐந்து வேலை என்கிறீர்கள். ஆள் மூன்றுதான் என்றால்? எந்த வேலையை விடுவது?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 8:40

விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அவர்களுடைய தேசியத் தரநிலை நிறுவனம் ஒரு சோதனை வெளியிட்டது. சாதாரண வீட்டுத் தீ, அதில் செய்ய வேண்டிய 22 வேலைகள். அதே வேலைகளை வண்டிக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பேர் வைத்துச் செய்ய விட்டார்கள். நாலு பேர் குழு மூன்று பேர் குழுவைவிட 25 சதவீதம் வேகமாக முடித்தது, இரண்டு பேர் குழுவைவிட 30 சதவீதம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. 1824-ல் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்குப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துப் பீய்ச்சுவதை ஏற்கவில்லை. உள்ளே போய், எரியும் இடத்திலேயே தண்ணீர் படவேண்டும் என்று தன் ஆட்களைப் பழக்கினார். வெளியே நின்று அடித்தால் பின்னாளும் கதவாளும் எதற்கு? உள்ளே போனால்தானே மூலையும் கதவும் வருகின்றன. பிறகு லண்டனுக்குப் போய், 1861-ல் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்.

பழைய_நம்பர்_ஒன் | திங்கள், இரவு 9:10

மூன்று பேர் என்றால் பம்பை விட முடியாது. பிராஞ்சை விட முடியாது. மூன்றாவது ஆள் பின்னாளாகவும் கதவாளாகவும் ஓடுவார். அப்படி ஓடும்போது உள்ளே ஆழமாகப் போகக் கூடாது. வாசலுக்கு உள்ளே ஒரு வளைவு, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆள் குறைந்தால் குறைய வேண்டியது தூரம். நாங்கள் இதைச் செய்யாமல் போன இரவுகளும் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஜாலான்காரன் | திங்கள், இரவு 9:30

🙏

கல்ஃப்_ஃபோம் | செவ்வாய், காலை 6:05

சின்ன விஷயம், ஆனால் இரவுப்பணி கவனிக்க வேண்டியது. ஹோஸை விரிக்கும்போது எந்த முனை எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? நம் ஊர்க் கப்ளிங்கில், அதாவது ஹோஸை மாட்டும் இணைப்பில், ஆண் முனை தண்ணீர்ப் பக்கம், பெண் முனை தீப்பக்கம். ஹைட்ரன்ட் வாய் பெண், பிராஞ்ச் அடி ஆண். இங்கே என்னோடு வேலை செய்யும் அமெரிக்கருக்கு இதைச் சொன்னால் தலையில் கை வைக்கிறார், அவர்கள் ஊரில் தலைகீழ். தப்பாக விரித்தால் ஐம்பதடி ஓடிப்போய்த்தான் தெரியும். அப்புறம் ஹோஸைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட வேண்டும். விரிக்கிற ஆளின் வேலையும் ஒரு வேலைதான்.

இரவுப்பணி | அடுத்த ஞாயிறு, காலை 11:00

எல்லோருக்கும் நன்றி. நேற்று பாதுகாப்பு அதிகாரியிடம் கெஞ்சி இன்னொரு டிரில் வாங்கினேன். ஐயா சொன்னபடி எண் போட்டுக்கொண்டோம். வால்வை இரண்டு சுற்று, அப்புறம் மீதி. பம்ப்ரூம் ராணி அக்கா எழுதியதை அப்படியே அச்செடுத்து ஹைட்ரன்ட்காரர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

முதல் சுற்றில் நான் பின்னாள். பிராஞ்சில் கேன்டீன் பையன், ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். ஏழு கிலோ வேண்டாம் என்று நாலு கிலோவில் ஆரம்பித்தோம். தண்ணீர் வந்ததும் தள்ளு என் இடுப்பில் இறங்கியது. அவன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, வெயிட்டே இல்ல!" என்றான். எனக்கு மூச்சு வாங்கியது.

இரண்டாவது சுற்றில் எண் மாறியது. நான் மூலைக்குப் போனேன். ஷெட் வாசல், அதைத் தாண்டி ஒரு தூண், அங்கே ஹோஸ் வலது பக்கம் திரும்ப வேண்டும். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தூணில் உரசும் ஹோஸைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை அது மடிந்து முழங்கை மாதிரி நின்றது. காலால் உதைத்து நிமிர்த்தினேன், உள்ளேயிருந்து "வந்திருச்சு, வந்திருச்சு" என்று சத்தம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த கைதட்டல்.

ஸ்டோர்ஸ்காரர் இந்த முறை முழுதாக நனைந்தார். மாலை வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. கேன்டீன் பையன் ஹீரோ மாதிரி நிற்கிறான். தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ தெரிகிறது. அது என்னுடையது.

பழைய_நம்பர்_ஒன் | அடுத்த ஞாயிறு, காலை 11:25

நல்லது தம்பி. டிரில் முடிந்ததும் "நாக் ஆஃப், மேக் அப்", அதாவது தண்ணீரை நிறுத்து, சாமானை எடுத்து வை என்று யாராவது சொன்னார்களா? ஹோஸைத் தண்ணீர் வடித்து, கழுவி, நிழலில் தொங்கவிட்டீர்களா?

இரவுப்பணி | அடுத்த ஞாயிறு, காலை 11:31

ஐயா... இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. போய்வருகிறேன்.